கூமாவின் கையெழுத்து

வுகோசாவா தாடிச் எதையும் மறக்கிறவள் இல்லை. நோவி சாத் நகரத்தில் அவள் வீட்டுக் கழிவறைக்குப் போனால் அது உங்களுக்கே தெரிந்துவிடும். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு கடிதம் மாட்டியிருக்கும். அங்கே வேறு என்ன வேலை, எல்லோரும் படிப்பார்கள். நானே நூறு தடவை படித்திருப்பேன். அதை எழுதியவன் ஒஸ்தோயா ராகிச். அவளுடைய கூம்.

எங்கள் ஊரில் கூம் என்றால் கல்யாணத்தில் சாட்சி நின்றவன், பிறந்த பிள்ளையை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவன். கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டுப் பத்து வருஷம் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கூமோடு அப்படி முறித்துக்கொள்ள முடியாது. அவனுக்கு அவள் கூமா, அவளுக்கு அவன் கூம், சாகும் வரைக்கும். வுகா என்று நாங்கள் கூப்பிடும் இந்த வுகோசாவாவின் புருஷன் காவ்ரா 2007இல் இறந்தபோது பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் சுமந்தவன் இந்த ஒஸ்தோயாதான். கல்லறையில் நின்று, இனி இந்த வீட்டுக்கு நான் இருக்கிறேன் என்று சொன்னான். சொன்னதை என் காதால் கேட்டேன். அதனால்தான் இதை எழுதும்போது எனக்கு இப்போதும் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வுகா ஒரு சிறுநகர வானொலி நிலையத்தில் ஒலி இயக்குபவளாக இருந்தாள். ஒஸ்தோயா அதே நிலையத்தில் கம்ப்யூட்டர் பார்த்தவன், வாய் ஜாலக்காரன். நான் திஹோமிர், கேபிள் இழுக்கிறவன், கார் ஓட்டுகிறவன், எதையும் தூக்குகிறவன். 2003இல் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சின்ன வானொலி நிலையங்களுக்காக ஒரு மென்பொருள் எழுதினார்கள். பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு, அடுத்தது விளம்பரம், மணிக்கு மணி செய்தி, எல்லாவற்றையும் வரிசைப்படி அதுவே ஒலிபரப்பும். பேர் ஸ்கேலா. திரையும் பொத்தானும் ஒஸ்தோயா எழுதியது. உள்ளே இருக்கிற உயிர் வுகா எழுதியது. அதை நாங்கள் காவல்காரன் என்று கூப்பிடுவோம். ஒலிபரப்பில் நாலு நொடி சத்தம் இல்லையென்றால் காவல்காரன் விழித்துக்கொண்டு, எங்கேயிருந்தாவது ஒரு பாட்டை எடுத்து ஓடவிடும். வானொலிக்காரனுக்கு மௌனத்தைவிடப் பெரிய அவமானம் இல்லை. வுகாவுக்கு அது தெரியும், ஏனென்றால் அவள் நிலையத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள்.

ஸ்கேலாவைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: மாற்றிக் கொடுக்கிறவனும் அதே மாதிரி திறந்தபடிதான் கொடுக்க வேண்டும், பூட்டிக் கொடுக்கக் கூடாது. சும்மா கொடுத்துவிட்டு எதைத் தின்பீர்கள் என்று ஊரே கேட்டது. நாங்கள் தின்றது எங்கள் கையையும் காலையும் விற்று. மென்பொருள் சும்மா, அதை நிறுவித் தருவதற்குக் காசு. அறிவிப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குக் காசு. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால், எந்த நேரம் போன் அடித்தாலும் வுகா எடுப்பாள். கிகிந்தாவிலிருந்து போஸ்னியா மலை வரைக்கும் என் பழைய காரில் போய்வந்தோம். சில நிலையங்கள் பணத்தோடு தேனும் பன்றிக்கொழுப்பும் கொடுத்து அனுப்பின. மூன்று பேருக்கும் அது போதும்.

ஒஸ்தோயாவுக்குப் போதவில்லை. 2009இல் அவன் போய்க் கம்பெனி பதிவுசெய்துவிட்டு வந்தான், அவன் ஒருத்தன் பெயரில். அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் வுகா பெயர் எங்கே என்று கேட்டவன் நான். அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான்.

"கூம்களுக்குள்ள காகிதம் எதுக்கு திஹா? நாளைக்கு என் புள்ளையும் அவ புள்ளையும் ஒரே தட்டுல சாப்பிடறவங்க. அவகிட்ட போயி நான் பங்குப் பத்திரம் நீட்டினா, அதைவிடக் கேவலம் உண்டா?"

வுகா வெட்கப்பட்டுவிட்டாள். கேட்டது என் தப்பு என்று என்னைத்தான் திட்டினாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். கூமிடம் ரசீது கேட்பது என்றால் அவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். அவன் திருடன்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் பெல்கிரேடிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து அவன் காதில் புதுக் கணக்கு ஒன்றை ஓதினார். ஒரே மென்பொருளை இரண்டு விதமாக விற்கலாமாம். திறந்தபடி வைத்துக்கொள்கிறவனுக்குச் சும்மா. தன் பொருளோடு சேர்த்துப் பூட்டி விற்க நினைக்கிற பெரிய கம்பெனிக்கு, பூட்டுவதற்கான உரிமம் காசுக்கு. இதில் அக்கிரமம் ஒன்றும் இல்லை, ஒழுங்கானவர்களும் இப்படி நடத்துகிறார்கள். ஆனால் ஒரு முடிச்சு உண்டு. பூட்டி விற்க வேண்டுமென்றால், அதில் ஒரு வரி எழுதியவன்கூடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எழுதினவனுக்குத்தான் எழுத்து சொந்தம், கம்பெனிக்கு இல்லை.

ஒஸ்தோயா எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினான். போர்ச்சுகலில் ஒரு பள்ளி ஆசிரியர், கிராகோவில் மூன்றே மூன்று வரி திருத்திய ஒரு மாணவன், யாரையும் விடவில்லை. கோப்பை அடுக்கி வைத்தது நான்தான். வுகாவுடையது மட்டும் இல்லை. கேட்டேன். கூமா முகத்துக்கு நேரே எப்படிக் காகிதம் நீட்டுவது, அவள் நம் வீட்டு ஆள், விடு என்றான். எனக்கு அப்போதே விஷயம் புரிந்தது. இவன் ஒரு காகிதம் நீட்டினால், பதிலுக்கு அவள் தன் பங்குக்கு ஒரு காகிதம் கேட்பாளோ என்று பயம். அதனால் நீட்டவில்லை. அவன் வாழ்க்கையில் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான், அதையும் பேராசையால்தான் செய்தான்.

2012 ஜனவரி ஆறு, எங்கள் திருச்சபையின் பழைய நாள்காட்டிப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை. திஸா நதிக்கரையில் ஒரு சின்ன நிலையம் தேவாலயத்துப் பூசையை ஒலிபரப்ப வேண்டிய நேரம். இரண்டு மணி பத்து நிமிஷம் ஊமையாகக் கிடந்தது. காவல்காரன் விழிக்கவில்லை. ஏன் என்றால் ஒஸ்தோயா ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக அவசரத்தில் அதைப் பிய்த்து மாற்றியிருந்தான், வுகாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே அந்தக் கடிதம் ஸ்கேலா ஓடிய நூற்று நாற்பது நிலையங்களுக்கும் மெயிலில் போனது. நடந்த பிழை வுகோசாவா தாடிச் எழுதிய பகுதியில் இருந்தது, அவர் இனி எங்கள் நிறுவனத்தில் இல்லை, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். இவ்வளவுதான், மூன்று வரி.

தன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று வுகாவுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒரு நிலையத்துக் காரியதரிசி போன் செய்து துக்கம் விசாரித்தாள். வுகா அலுவலகத்துக்குப் போனாள். சாவி சேரவில்லை, பூட்டை மாற்றியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்து பார்த்தால், அவள் எழுதிய ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருந்த அவள் பெயரைக் காணோம். அந்த இடத்தில் ஒஸ்தோயா ராகிச் என்று இருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைத்த கையே இவள் பெயரை அழித்திருந்தது.

நான் போனபோது அவள் கழிவறைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை.

"இதைப் போயி இங்க எதுக்கு மாட்டறே?"

"தினமும் பாக்கணும்ல. கோபம் ஆறிடக் கூடாது."

அன்றைக்கே நானும் ஒஸ்தோயாவிடம் கார் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, கார் என்னுடையது. திரும்பப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த அவமானத்தையும் அவன் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் வுகா யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் மொத்த ஸ்கேலாவையும் எடுத்தாள். திருடவில்லை, தெருவில் திறந்து கிடப்பதை யாரும் எடுக்கலாம் என்று உரிமமே சொல்கிறது. ஒஸ்தோயா குழப்பிய காவல்காரனைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தன்னுடைய பழையதை வைத்தாள். ஸ்கேலா என்ற பெயர் அவன் பதிவுசெய்தது, அதை வைக்க முடியாது. வேறு பெயர் வேண்டும். 'கூமா' என்று வைத்தாள். இனி எந்த நிலையத்துக்கு அவன் போனாலும், எங்களிடம் கூமா இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதற்காகவே வைத்த பெயர்.

முதலில் ஒன்பது நிலையங்கள்தான் வந்தன. அந்த ஒன்பதையும் உட்காரவைத்து அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு சின்னப் பங்கு, அதில் அவள் சாப்பாடும் என் பெட்ரோலும். யாருக்காவது புதிதாக ஒன்று வேண்டுமென்றால், வேண்டும் என்கிறவர்கள் சேர்ந்து ஒரே ஒருமுறை கூலி கொடுத்தால் போதும், எழுதியதும் அது எல்லோருக்கும் பொது. காசு கொடுக்காதவனுக்கும் போகுமே என்று ஒருவர் முனகினார். போகட்டும், அடுத்த தடவை அவன் கேட்கிறதுக்கு நீங்கள் சும்மா இருங்கள் என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது அவள் ஆட்டம். எங்கள் நிலையங்களுக்குச் சோறு போடுவது வாழ்த்துப் பாட்டுதான். மாமியார் பிறந்தநாளுக்கு மருமகன் காசு கட்டிப் பாட்டுப் போடச் சொல்வான், பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு ஊரே போடும். அந்த வாழ்த்துகளை வரிசைப்படுத்த ஒஸ்தோயா ஒரு துணைப்பகுதி எழுதி, பூட்டி, நிலையத்துக்கு முந்நூறு யூரோ என்று விற்றான். வுகா இரண்டே மாதத்தில் அதைவிட நல்லதாக எழுதித் திறந்து வெளியிட்டாள். அவளுடைய நிலையங்களுக்கு மட்டும் இல்லை, ஸ்கேலாவிலும் ஒட்டிக்கொள்கிற மாதிரி, அவனுடைய வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து. விளம்பரக் கணக்குப் பகுதியை அவன் விற்றான், அதையும் சும்மா கொடுத்தாள். மரண அறிவிப்புப் பகுதியை விற்றான், அது வெளிவந்து ஆறு வாரத்தில் அதற்கும் மரண அறிவிப்புக் கொடுத்தாள். அவன் எதைப் பூட்டி வைத்தாலும் இவள் பக்கத்திலேயே ஒரு திறந்த கதவு கட்டினாள். ஏழு வருஷம் இப்படி. இப்படி ஒருத்தியைப் பகைத்துக்கொள்கிற கதி என் எதிரிக்கும் வரவேண்டாம், ஒஸ்தோயாவைத் தவிர.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவள் மனசு ஆறவில்லை. எத்தனை நிலையங்கள் வந்தாலும், கூட்டங்களுக்குப் போனால் யாராவது ஒருத்தர் பின்னால் கிசுகிசுப்பார்கள், அந்தக் கிறிஸ்துமஸ் மௌனம் இந்த அம்மாவுடைய வேலைதானே என்று. அவன் கடிதத்தை நூற்று நாற்பது பேர் படித்திருந்தார்கள், அதை மறுத்து அவள் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? வெளியேற்றப்பட்டவள் வேறு என்ன சொல்வாள் என்றுதான் நினைப்பார்கள். மறுக்க வேண்டியவன் ஒஸ்தோயா. அவன் கையால், அதே நூற்று நாற்பது பேருக்கும், தப்பு என்னுடையது என்று ஒரு கடிதம். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதுவரைக்கும் வீட்டுக் கூரை ஒழுகினாலும் அவள் அண்ணாந்து பார்க்கத் தயாராக இல்லை.

2019இல் ஒஸ்தோயாவின் கம்பெனியை வாங்க வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். எத்தனை லட்சம் என்று ஊரில் ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். ஸ்கேலாவை முழுக்கப் பூட்டி, உலகம் முழுக்க விற்பது அவர்கள் திட்டம். வாங்குகிறவர்களின் வக்கீல்கள் கையெழுத்துகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள். கோப்புகளின் தலையில் ஒஸ்தோயா பெயர்தான் இருந்தது. ஆனால் எங்கள் தொழிலில் எந்த வரியை எந்தத் தேதியில் யார் எழுதினார்கள் என்று ஆதியிலிருந்து ஒரு பதிவேடு கூடவே வளரும். அதில் ஒரு வரியைக் கிள்ளினாலும், உலகத்தில் அதன் பிரதி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் கிள்ளினது தெரிந்துபோகும். கோப்பின் தலையில் பெயரை அழித்தவனால் இந்தப் பதிவேட்டைத் தொட முடியவில்லை. காவல்காரனின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே வ. தாடிச் என்று இருந்தது. இந்தத் தாடிச் கையெழுத்து எங்கே என்று வக்கீல்கள் கேட்டார்கள்.

அவன் சும்மா இருக்கவில்லை. நிஷ் நகரத்திலிருந்து இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்து, காவல்காரனைப் புதிதாக எழுதச் சொன்னான். கோடை முழுக்க எழுதினார்கள். வாங்க வந்தவர்கள் முன்னால் ஓட்டிக்காட்டியபோது அது நாலு நொடிக்குப் பதில் நாலு நிமிஷம் தூங்கியது. வருஷம் முடிவதற்குள் அந்த அம்மாவின் கையெழுத்து வரவில்லையென்றால் பேச்சு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். அவன் மெயில் அனுப்பினான், இவள் பதில் போடவில்லை. வக்கீல் போன் செய்தார், வைத்துவிட்டாள். மூன்று மாதம் அவள் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

"வந்துதானே ஆகணும்," என்றாள் என்னிடம். "பத்தொன்பதாம் தேதி வருவான் பாரு."

டிசம்பர் பத்தொன்பது புனித நிக்கோலாஸ் நாள், காவ்ரா குடும்பத்தின் ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கிற புனிதருக்கு வருஷத்தில் ஒரு நாள். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். வந்தவனை, அவன் எவனாக இருந்தாலும், வாசலில் நிறுத்த முடியாது. அவன் கூமாகவும் இருந்துவிட்டால் மேசையின் தலைப்பக்கம்தான் உட்காரவைக்க வேண்டும். ஏழு வருஷம் அந்தப் பக்கம் தலைவைக்காதவன் அன்றைக்கு வருவான் என்று அவளுக்குத் தெரியும். வழக்கத்தைவிட இரண்டு கெண்டை மீன் கூடுதலாக வாங்கிவரச் சொன்னாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு வந்தான். முறைப்படி ஒரு கையில் காப்பிப் பொட்டலம், ஒரு கையில் ஒயின். வாசலில் வுகா சர்க்கரைக் கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள், சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி தின்றான், மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். மேசையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர், எல்லோரும் நிலையத்துக்காரர்கள். கிகிந்தாவிலிருந்து வந்த பெர்சிதாவும் இருந்தாள், ஒரு நிலையத்தை முப்பது வருஷமாக நடத்துகிறவள், வாய் நீளம். ஒஸ்தோயா நடுநாயகமாக உட்கார்ந்து ராக்கியாச் சாராயம் குடித்தான், சிரிப்புக் காட்டினான், இறந்த காவ்ராவுக்காக மெழுகுவர்த்திப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வுகா அவன் தட்டில் மீன் மேல் மீனாக வைத்தாள், கோப்பையில் பீர் மேல் பீராக ஊற்றினாள். ஏன் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. குடித்தவன் எழுந்து போய்த்தானே ஆக வேண்டும்.

போனான். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது அவன் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"அதை இன்னுமா வச்சிருக்கே கூமா?"

"நீ எழுதிக் கொடுத்த ஒரே காகிதம். எப்படித் தூக்கிப் போடுவேன்?"

பெர்சிதா வாய்க்குள் போட்ட மீனை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். மேசையே கேட்டது. ஒஸ்தோயா குனிந்து, தாழ்ந்த குரலில், ஒரு கையெழுத்துதான், நாற்பதாயிரம் யூரோ, இன்றைக்கே வங்கியில் போட்டுவிடுகிறேன் என்றான். பண்டிகை மேசையில் வியாபாரம் பேசக் கூடாது என்றாள் வுகா. வேண்டுமானால் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசலாம் என்றாள், எல்லோருக்கும் கேட்கும் குரலில்.

"அன்னைக்கு அந்த ரெண்டு மணி பத்து நிமிஷம். யாரு பண்ணின தப்பு, கூம்?"

அவன் மெழுகுவர்த்தியைப் பார்த்தான். புனிதர் படத்தைப் பார்த்தான். ஸ்லாவா மெழுகுவர்த்தி எரியும்போது பொய் சொல்ல அவனுக்கே நாக்கு எழவில்லை. நாற்பதாயிரத்தின் பின்னால் நிற்கிற லட்சங்களும் நாக்கைப் பிடித்திருக்கும்.

"என்னோடது," என்றான்.

"நூத்தி நாப்பது பேருக்கு அன்னைக்கு எழுதத் தெரிஞ்சுது. இன்னைக்கும் எழுது."

எழுதினான். மீன் எண்ணெய் படிந்த விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு, போனில், இருபது நிமிஷம். வுகா பின்னால் நின்று திருத்தினாள். தேதியைப் போடு. ஒரு பிழை என்று எழுதாதே, நான் செய்த பிழை என்று எழுது. காவல்காரனை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எழுதியது யார் என்று எழுது. அவர் பெயரை அழித்தது யார் என்றும் எழுது. எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தான். அந்த வீட்டில் ஏழு வருஷமாகக் கழிவறைச் சுவரில் இருந்த விஷயம் முதல்முறையாகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. படித்து முடித்து அனுப்பினான். அடுத்த நொடி மேசையைச் சுற்றி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் போன் கிணுகிணுத்தது. அந்த நூற்று நாற்பதில் ஏழெட்டுப் பேர் அங்கேயே மீன் தின்றுகொண்டிருந்தார்களே. பெர்சிதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வந்துவிட்டது என்றாள்.

ஒஸ்தோயா நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டான். கோட்டின் உள்பையிலிருந்து காகிதங்களை எடுத்தான், மூன்று பக்கம். கோதுமைக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு அவற்றை நீவி வைத்தான். பேனாவின் மூடியை அவனே கழற்றிக் கொடுத்தான்.

வுகா சமையல் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். அவளுக்கு அதில் புரியாத வரி ஒன்றும் இல்லை. படித்து முடித்து, மடிப்பு மாறாமல் மடித்தாள். எழுந்து, அவன் கோட்டை விலக்கி, உள்பைக்குள் அவளே வைத்தாள். பேனாவையும் மூடி அங்கேயே செருகினாள். சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி கோட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"கூம்களுக்குள்ள காகிதம் எதுக்கு?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், நான் அந்த வார்த்தையை முதலில் கேட்டவன் ஆயிற்றே. நான் பார்வையைத் திருப்பவில்லை.

"நான் அனுப்பிட்டேனே வுகா. நீ போடறேன்னுதானே..."

"நல்லாத்தான் எழுதியிருக்கே. கையெழுத்துப் போடறேன்னு நான் எப்போ சொன்னேன்? இங்க இத்தனை பேர் இருக்காங்க, கேளு." பீர்ப் புட்டியைக் கையில் எடுத்தாள். "மீன் ஆறிடும். சாப்பிடு."

எழுந்து போக முடியாது. ஸ்லாவா மேசையிலிருந்து பாதியில் எழுந்தால், வீட்டுக்காரியை மட்டும் இல்லை, செத்தவனையும் சேர்த்து அவமதித்ததாகிவிடும், அதுவும் கூம். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தான். கடைசியில் ரொட்டித் துண்டால் எண்ணெயைத் துடைத்துத் தின்றுவிட்டு, வழக்கப்படி அடுத்த வருஷமும் இந்த வீட்டு விளக்கு எரியட்டும் என்று வாழ்த்திவிட்டுத்தான் போனான்.

நான் பாலம் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே கார் ஓட்டினேன். பாலத்தின் நடுவில் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பதாயிரத்தில் பாதியை எனக்குக் கொடுத்திருப்பாள், அது எனக்குத் தெரியும். அவளும் அதை யோசிக்காமல் இருந்திருக்கமாட்டாள். மறுநாள் போய், கூரை ஒழுகுகிறதே என்று மட்டும் சொன்னேன். மார்ச் மாதம் பார்த்துக்கொள்ளலாம், ஏணியைத் தயாராக வை என்றாள்.

வருஷம் முடிந்தது, வாங்க வந்தவர்கள் போய்விட்டார்கள். ஸ்கேலா திறந்தபடியே இருக்கிறது. ஒஸ்தோயா இப்போது பழையபடி நிலையம் நிலையமாகப் போய் நிறுவிக் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, போன் எடுத்துச் சாப்பிடுகிறான். கார் அவனே ஓட்டுகிறான். அவன் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் எங்களிடம் வந்துவிட்டார்கள், பெயர் அழித்ததை அவனே எழுதிய பிறகு யாருக்கு அவன்மேல் நம்பிக்கை இருக்கும். அடுத்த வருஷம் ஜாக்ரெபில் ஒரு கூட்டத்துக்கு வுகாவை அழைத்து, மென்பொருளின் சுதந்திரத்தைக் காத்தவர் என்று மாலைமரியாதை செய்யாத குறையாகப் பேசினார்கள். அவள் ஒலிவாங்கியை வாங்கி, சுதந்திரத்துக்காகச் செய்யவில்லை, பழிக்குப் பழியாகத்தான் செய்தேன், உரிமம் எனக்கு வசதியாக இருந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டினவர்களுக்குப் பாதியில் கை நின்றுபோனது.

பழைய கடிதம் இப்போது கழிவறையில் இல்லை. சட்டத்தின் பின்பக்கத்தைக் கழற்றி, அதை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். அதே சட்டத்தில் புதுக் கடிதத்தை வைத்து அதே ஆணியில் மாட்டியிருக்கிறாள், நன்றாகப் பெரிய எழுத்தில் அச்சடித்து. ஒஸ்தோயா ஒவ்வொரு டிசம்பர் பத்தொன்பதும் வருகிறான். மறுபடி ஒரு தடவை வந்து உட்கார்ந்த பிறகு வராமல் முடியாது, கூம் ஆயிற்றே. கோதுமை தின்கிறான், காவ்ராவுக்காகக் கண்ணைத் துடைக்கிறான். வுகா மீன் வைக்கிறாள், பீர் ஊற்றுகிறாள், அவன் முடிந்தவரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எப்படியும் மூன்று மணிக்குள் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவான்.